மரம் நடப் போறீங்களா? ஒரு நிமிஷம் பாஸ்!

இந்த வாரம் நேரா ஒரு கேள்வி. பக்கத்து சீட்டைப் பார்க்காம பதில் சொல்லணும். கொடைக்கானல்னு சொன்னதும் உங்க மனசுல வர்ற படம் எது?

ஏரி, வாடகை சைக்கிள், ஹோம்மேட் சாக்லேட், 2024-ல் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' புண்ணியத்துல மறுபடியும் கூட்டம் அள்ளின குணா குகை... ஓகே, ஓகே! ஆனா ஐ.வி. போயிட்டு வந்த எந்த பேட்ச்சைக் கேட்டாலும் ஒரு போட்டோ கண்டிப்பா இருக்கும். பைன் ஃபாரஸ்ட்! வரிசையா நிக்கிற நெட்டை மரங்கள், நடுவுல மூடுபனி, அதுக்கு நடுவுல கூலிங் கிளாஸோட நம்ம செட்டு.

அந்த போட்டோவை எடுத்து இப்ப இன்னொரு தடவை பாருங்க. மரமெல்லாம் பி.டி. பீரியட்ல நிக்க வெச்ச பசங்க மாதிரி லைன் கட்டி நிக்குதா? தானா முளைச்ச காடு எந்த ஊர்லயும் லைன் கட்டி நிக்காது பாஸ். பைன் அந்த மலையில பிறந்த மரமே இல்லை. ஆட்கள் கொண்டுவந்து நட்டது. தைல மரமும் அப்படித்தான். உள்ளூர்ல 'சீகை'ன்னு சொல்ற வாட்டில் மரமும் அப்படித்தான்.

"அதனால என்ன? மரம்தானே... நல்லதுதானே?"ன்னு கேக்குறீங்க. கேக்கணும். மரம் இருந்தா காடு, காடு இருந்தா மழை, அதனால மரம் நடு... இந்த ஃபார்முலாவை ஒண்ணாங்கிளாஸ்ல இருந்து மனப்பாடம் பண்ணி வெச்சிருக்கோம். பழனி மலையில இந்த ஃபார்முலா ஃபெயில். ஏன் ஃபெயில்னு விஞ்ஞானிகள் கண்டுபிடிச்ச கதைதான் இந்த வாரம். நடுவுல கொஞ்சம் பரிணாமம் வரும். பயப்படாதீங்க, இன்டர்னல் மார்க் எல்லாம் கிடையாது!

சோலைவாசி

கொடைக்கானல் சுமார் 2,100 மீட்டர் உயரத்துல இருக்கு. அந்த உயரத்துல இயற்கை போட்டு வெச்சிருக்கிற டிசைன் ரொம்ப சிம்பிள். மலை மடிப்புகள்ல, ஓடை ஓடுற பள்ளங்கள்ல, குட்டையான, நெருக்கமான, பாசி படர்ந்த காடு. அதுதான் சோலை. மடிப்பை விட்டு மேல ஏறினா, மேடு முழுக்க அலை அலையா புல்வெளி. சோலை, புல், மறுபடி சோலை, மறுபடி புல்.

இந்த மாதிரி மலை உச்சிகளுக்கு விஞ்ஞானிகள் வெச்சிருக்கிற பேரு 'வானத் தீவுகள்'. சாதாரணத் தீவைச் சுத்திக் கடல் இருக்கும். இந்தத் தீவைச் சுத்தி இருக்கிறது வெயில். மேல குளிர்லயே பொறந்து வளர்ந்த ஒரு சோலைக் குருவிக்கு, கீழே வத்தலக்குண்டு வெயில் என்பது கடல் மாதிரி. இறங்கவும் முடியாது, தாண்டவும் முடியாது.

இதுல பெரிய கடல் எது தெரியுமா? பாலக்காட்டுக் கணவாய். கோயம்புத்தூர்ல இருந்து கேரளாவுக்கு ட்ரெயின்ல போறப்போ, மலைகள் ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழிவிட, சமதளத்துல ஹாயா போவோமே... அதேதான். சுமார் 30 கிலோமீட்டர் அகலம். வடக்கே நீலகிரி. தெற்கே ஆனைமலையும், அதோட ஒட்டிக்கிட்டு இருக்கிற பழனி மலையும். நமக்கு அது ஒரு முறுக்கு பாக்கெட் காலியாகுற தூரம். சோலைப் பறவைக்கு அது பல லட்சம் வருஷமா அழியாத எல்லைக்கோடு.

எப்படித் தெரியும்? திருப்பதி ஐசர் நிறுவனத்துல இருக்கிற வி.வி.ராபின் ஒரு பறவை விஞ்ஞானி. (ராபின் என்பதே ஒரு பறவையோட பேரு. பேர் ராசின்னா இதான்!) அவரும் அவரோட சக ஆய்வாளர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையில மலை மலையா ஏறி, மெல்லிய வலை கட்டி, பறவையைப் பிடிச்சு, துளி ரத்தம் எடுத்துட்டு, திரும்பப் பறக்க விட்டாங்க. அப்புறம் லேப்ல டி.என்.ஏ. ஒப்பீடு. 2015-ல் வெளியான முடிவு இதுதான்: எந்தப் பள்ளத்தாக்கு ஆழமாவும் அகலமாவும் இருக்கோ, அதுதான் பறவைகளை அதிகமாப் பிரிச்சிருக்கு. முதலிடம் பாலக்காட்டுக் கணவாய்க்கு.

2017-ல் அடுத்த அதிரடி. சோலைக்குள்ள தரையை ஒட்டித் தத்தித் திரியிற ஒரு நீலநிறக் குருவி இருக்கு. அதை வேற ஏதோ ஒரு பறவைக் குடும்பத்தோட பங்காளின்னு நூறு வருஷத்துக்கும் மேல நினைச்சுக்கிட்டு இருந்தாங்க. டி.என்.ஏ.வைப் பார்த்தா, கதையே வேற. உலகத்துல வேற எங்கேயும் இல்லாத தனிப் பேரினம் அது. அதுக்குப் புதுசா ஒரு அறிவியல் பேர் வெச்சாங்க: 'சோலிகோலா'. லத்தீன்ல 'கோலா'ன்னா வசிக்கிறதுன்னு அர்த்தம். முன்னாடி இருக்கிற 'சோலி' எங்கிருந்து வந்தது? நம்ம சோலைதான்! சோலைவாசி. உலகம் முழுக்க இருக்கிற பறவை விஞ்ஞானிகள் வாயில இப்ப ஒரு தமிழ்ச் சொல் இருக்கு. காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இந்தச் சோலைவாசி நீலகிரியில ஒரு இனம். பழனி, ஆனைமலைப் பக்கம் வெள்ளை வயிறோட இன்னொரு இனம். செங்கோட்டைக் கணவாய்க்குத் தெற்கே அகத்தியமலைப் பக்கம் மூணாவது இனம். அந்த மூணாவது, அறிவியலுக்கே புதுசு. கொடைக்கானல் தோட்டங்கள்லயே வெள்ளைப் புருவத்தோட சுத்துற சிரிப்பான் பறவைக்கும் இதே கதைதான். நீலகிரிச் சிரிப்பான் வேற, பழனிச் சிரிப்பான் வேற. ஒரே வீட்டுல பொறந்த அண்ணன் தம்பிங்க, நடுவுல சுவர் விழுந்து, பேசாமப் பார்க்காம, கடைசியில பாஷையே மாறிப் போன மாதிரி. பரிணாமம்னா இவ்வளவுதான் பாஸ். சுவர், காலம், கொஞ்சம் கொஞ்சமா மாற்றம்.

ஆடா, ஆடா?

இன்னொரு கேஸ் பாருங்க. தமிழ்நாட்டோட மாநில விலங்கு எது? வரையாடு. நீலகிரி, ஆனைமலை, பழனி மலைன்னு மேற்குத் தொடர்ச்சி மலையோட உச்சிகள்ல மட்டும் இருக்கிற ஆள். ஆங்கிலத்துல இதை 'தார்'னு சொல்வாங்க. இமயமலைத் தார், அரேபியத் தார், நம்ம நீலகிரித் தார்... மூணும் பார்க்க ஒரே ஜாடை. அதனால மூணையும் ஒரே பேரினத்துல போட்டு வெச்சிருந்தாங்க.

2005-ல் டி.என்.ஏ. ஆய்வு வந்தது. மூணும் நெருங்கின சொந்தமே இல்லை! நம்ம வரையாடு செம்மறியாட்டுக்கு நெருக்கம். இமயமலைத் தார் வெள்ளாட்டுப் பக்கம். அப்புறம் ஏன் ஒரே ஜாடை? ஒரே வேலை பார்த்ததால. செங்குத்துப் பாறையில தாவணும், வழுக்கக் கூடாது, கிடைச்ச புல்லை மேயணும். ஒரே கேள்வித்தாளுக்குத் தனித்தனியா உட்கார்ந்து எழுதின பசங்க ஒரே விடையை எழுதின மாதிரி. காப்பி அடிக்கலை, கேள்வி அப்படி!

"சரி, இதெல்லாம் எதுக்கு இன்ஜினீயரிங் படிக்கிற எனக்கு?" கரெக்ட். பிளஸ் டூ-ல கம்ப்யூட்டர் குரூப் எடுத்தவங்களுக்குப் பத்தாம் வகுப்போட உயிரியலுக்கு டாட்டா. பரிணாமத்தைப் பத்தி வாழ்க்கையில கடைசியாப் படிக்கிறது அங்கேதான். 2023-ல் என்.சி.இ.ஆர்.டி. பத்தாம் வகுப்புப் புத்தகத்துல இருந்து பரிணாமப் பகுதியைத் தூக்கினப்போ, 1,800-க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்துப் போட்டு எதிர்ப்புக் கடிதம் வெளியிட்டது இதனாலதான். பரிணாமம் தெரியலைன்னா, பரீட்சையில ரெண்டு மார்க் போகும்னு மட்டும் நினைக்காதீங்க. ஒரு மலையைப் பார்த்து, "இங்க என்ன இருக்கணும்?"ங்கிற கேள்விக்குத் தப்பா பதில் சொல்லுவோம். பழனி மலையில நடந்தது அதுதான்.

புல்லுக்கு வயசு என்ன?

வெள்ளைக்காரங்க மலை ஏறினப்போ சோலையைப் பார்த்து "ஆஹா, காடு"ன்னாங்க. புல்வெளியைப் பார்த்து "தரிசு"ன்னாங்க. "முன்னாடி இங்கேயும் காடுதான் இருந்திருக்கும், மாடு மேய்க்கிறவங்க வெட்டி எரிச்சு இப்படி ஆக்கிட்டாங்க"ன்னு ஒரு முடிவு. தரிசுன்னா என்ன பண்ணணும்? உருப்படியா எதையாவது நடணும். விறகுக்குன்னு ஆரம்பிச்சாங்க. சுதந்திரத்துக்குப் பிறகு, தோல் பதனிட சீகைப் பட்டை, ரேயான் இழைக்கு மரக்கூழ்னு தோட்டம் தோட்டமா விரிஞ்சது. யாரும் கெட்ட எண்ணத்துல பண்ணலை. வெறும் புல்லுதானேங்கிற நினைப்பு, அவ்வளவுதான்.

அது வெறும் புல் இல்லைன்னு நிரூபிச்சது, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தோட ஆர்.சுகுமாரும் அவர் குழுவும். யானை ஆராய்ச்சியில உலகப் புகழ் பெற்ற அதே சுகுமார்தான். பக்கத்து நீலகிரியில சதுப்புப் பள்ளங்கள் இருக்கு. செத்த செடிகள் மட்காம, அடுக்கு அடுக்கா, ஆயிரக்கணக்கான வருஷமா அதுல படிஞ்சு கிடக்கு. ஆழம் போகப் போக வயசு கூடும்.

இங்கதான் ஒரு சூப்பர் டெக்னிக். மரமும் இந்த மலைப் புல்லும் சூரிய ஒளியில சமையல் பண்ற முறையே வேற. மரம் 'சி-3' வழி, வெப்பமண்டலப் புல்லுல பெரும்பாலானது 'சி-4' வழி. ரெண்டும் காத்துல இருக்கிற கார்பனை வெவ்வேற விகிதத்துல எடுத்துக்கும். செடி மட்கிப்போனாலும் அந்த விகிதம் மண்ணுல கையெழுத்து மாதிரி நிக்கும். அந்தக் கையெழுத்தைப் படிச்சு 1993-ல் 'நேச்சர்' இதழ்ல எழுதினாங்க. சுமார் 20,000 வருஷத்துக் கதை! வறட்சி கூடின காலத்துல புல் விரிஞ்சிருக்கு, ஈரம் கூடின காலத்துல மரம் விரிஞ்சிருக்கு. மாடு மேய்க்க ஆள் வர்றதுக்கு எத்தனையோ காலம் முன்னாடியே புல் அங்கே சொந்த வீட்டுல குடியிருந்திருக்கு.

அப்போ சோலை மரம் ஏன் புல்லுக்குள்ள ஏறி வரலை? ஒரு காரணம் உறைபனி. டிசம்பர், ஜனவரி ராத்திரிகள்ல திறந்த மேடுகள்ல புல் நுனி வெள்ளையா உறைஞ்சு நிக்கும். அந்தக் குளிர்ல சோலை மரத்தோட கன்று கருகிடும். புல் தாங்கிடும். 2020-ல் வந்த ஒரு ஆய்வு இதைச் சோதனை பண்ணியே காட்டினது. அதுல ஒரு ஷாக்கும் இருந்தது. நம்ம சோலைக் கன்னு தாங்காத அந்தக் குளிரைச் சீகைக் கன்னு சமாளிச்சுடுது. வாட்ச்மேன் அடையாளம் தெரிஞ்ச ஆளைத் தடுத்துட்டு, வெளியாளை உள்ள விட்ட கதை.

மூணுல ரெண்டு போச்சு

விளைவு? 2018-ல் அரசுமணி, ராபின் குழுவினர் பழனி மலையோட 40 வருஷச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டாங்க. கொடைக்கானல்லயே பல வருஷமா சோலைச் செடி நாற்றங்கால் நடத்தின வட்டக்கானல்காரங்களும் அதுல கூட்டு. கணக்கு இதுதான்: சோலைக்காட்டுல போனது 31 சதவிகிதம். புல்வெளியில போனது 66 சதவிகிதம். மூணு பங்குல ரெண்டு! ஒரு காலத்துல மலையிலேயே அதிகமா, தொடர்ச்சியா இருந்தது புல். இன்னிக்கு அங்கங்க துண்டு துண்டாக் கிடக்கிற அரிய பொருளும் அதே புல்தான். அதோட இடத்துல பெரும்பாலும் மரத்தோட்டம், கொஞ்சம் விவசாயம்.

தூரத்துல இருந்து பார்த்தா எல்லாமே பச்சை. அதனாலதான் இந்த இழப்பு யார் கண்ணையும் உறுத்தலை. காடு அழிஞ்சா போராட்டம், போஸ்டர், பாட்டு எல்லாம் வரும். புல்லு மேல மரம் வந்தா நாம கை தட்டுவோம்.

புல்லோட போறது புல் மட்டும் இல்லை. வரையாட்டுக்கு மேய்ச்சல் போகும். தரைப்புல்லுல கூடு கட்டுற நீலகிரி நெட்டைக்காலிக் குருவிக்கு வீடு போகும். நமக்குத் தண்ணி போகும். பழனி பக்கத்துல பாலாறு-பொருந்தலாறு அணை, தேவதானப்பட்டி பக்கத்துல மஞ்சளாறு அணை, ரெண்டுக்கும் இந்த மலைதான் டேங்க். சிவில் பசங்க கவனிங்க: ஊட்டி பக்கத்துல க்ளென்மார்கன்ல, புல்வெளி இருந்த ஒரு ஓடைப் பகுதியில தைல மரம் நட்டு அளந்து பார்த்தாங்க. முதல் 10 வருஷ சுற்றிலேயே ஓடி வர்ற தண்ணி சுமார் 16 சதவிகிதம் குறைஞ்சது. மரம் நட்டா தண்ணி பெருகும்ங்கிற ஃபார்முலா அங்கே தலைகீழ்!

அப்போ எல்லாத்தையும் வெட்டிடலாமா?

அவசரப்படாதீங்க! "ஓடிக்கிட்டு இருக்கிற புரோகிராம்ல புரியாமக் கை வைக்காதே"ன்னு லேப்ல சொல்வாங்களே... புல்வெளி விஷயத்துல ஒரு தடவை கை வெச்சாச்சு. இப்ப அதே அவசரத்துல அடுத்த தடவையும் கை வெச்சா, பிழைக்கு மேல பிழை.

முதல் சிக்கல், சீகை விதை. மண்ணுக்குள்ள பல பத்து வருஷம் உயிரோட தூங்கும். மரத்தை வெட்டி மண்ணைக் கிளறினாலோ, தீ வெச்சாலோ, மொத்தமா முளைச்சு வந்து நிக்கும். ஒண்ணை வெட்டினா ஆயிரம்!

ரெண்டாவது, பழைய தோட்டங்கள்ல சில இடத்துல அந்நிய மரத்தோட நிழல்லயே சோலைக் கன்றுகள் தானா முளைச்சு வளருது. அங்கே போய் மொட்டையடிச்சா, வளர்ற சோலையும் சேர்ந்து காலி.

மூணாவதுதான் முக்கியம். அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி நீதிமன்றம் சொன்னதும், "சரி, எடுத்துட்டு சோலை மரம் நடலாம்"னு எல்லாரும் கிளம்பினாங்க. ஆனா அந்த இடம் முதல்ல புல்வெளியா இருந்திருந்தா? சோலை மரமே ஆனாலும் அங்கே அது அந்நியன்தான். 2018 ஆய்வு அடிச்சுச் சொல்றது இதைத்தான். மிச்சமிருக்கிற புல்லை முதல்ல காப்பாத்துங்க. புல்வெளி ஓரத்துல புதுசாக் கிளம்புற சீகைக் கன்னுகளை இப்பவே புடுங்குங்க. எங்கே சோலை, எங்கே புல்னு பார்த்து மீட்டெடுங்க.

நமக்கு என்ன வேலை?

நிறைய இருக்கு. உங்க காலேஜ் என்.எஸ்.எஸ். கேம்ப் கொடைக்கானல்லயோ ஊட்டியிலயோ மரம் நடப் போறதா நோட்டீஸ் போர்டுல பார்த்தீங்கன்னா, நேரா ப்ரோகிராம் ஆபீஸர்கிட்ட போய் மரியாதையா மூணே கேள்வி கேளுங்க. "சார், என்ன மரம்? அந்த இடத்துல முன்னாடி என்ன இருந்துச்சு? வனத்துறைகிட்ட கேட்டாச்சா?" மூணுக்கும் பதில் இருந்தா சந்தோஷமா மண்வெட்டியைத் தூக்குங்க. இல்லைன்னா, மரம் நடுறதுக்குப் பதிலா அனுமதி வாங்கிச் சீகைக் கன்னு புடுங்குற கேம்ப் போடலாமான்னு கேளுங்க. போட்டோவுக்குப் போஸ் கொஞ்சம் கம்மியா இருக்கும். வேலை உருப்படியா இருக்கும். நம்ம சமவெளியில, சொந்தத் தெருவுல வேம்பு, புங்கை நடுறதுக்கு இதெல்லாம் தடையே இல்லை. அது வேற ஊர், வேற கணக்கு.

டூர் போறவங்களுக்கு: 2024 மே 7-ல் இருந்து கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்திருக்கு. மலை எவ்வளவு வண்டி தாங்கும்னு யோசிக்க ஆரம்பிச்சதோட அடையாளம் அது. அதை வாங்கிட்டு மேல போய், புல்மேட்டுல பைக் ஏத்தி வீலிங் காட்டாதீங்க. 2013-ல் அறிவிச்ச கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயம் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேல. நீங்க 'காலி கிரவுண்ட்'னு நினைக்கிற இடம் யாரோ ஒருத்தரோட வீடு.

ஃபைனல் இயர் மக்களே, உங்களுக்கு ஸ்பெஷல்! ப்ராஜெக்ட் சென்டர்ல காசு கொடுத்து வாங்குற அந்த அட்டெண்டன்ஸ் சிஸ்டத்தை எத்தனை பேட்ச்தான் திரும்பத் திரும்ப சப்மிட் பண்ணும்? லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008-ல் இருந்து இலவசம். புல், சோலை, சீகை மூணையும் பிரிச்சுக் காட்டுற ஒரு புரோகிராம் எழுதுங்க. உங்க ஊருக்குப் பக்கத்து மலையை எடுத்துக்கங்க. வைவால எக்ஸ்டர்னலுக்கு அட்டெண்டன்ஸ் சிஸ்டம் பத்தி ஆயிரம் கேள்வி தெரியும். இதைப் பத்தி நீங்கதான் அவருக்குச் சொல்லித் தரணும்!

கடைசியா ஒரு டேட் குறிச்சு வெச்சுக்கங்க. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவைதான் பூக்கும். 2006-ல் பூத்தது, 2018-ல் பூத்தது, அடுத்தது 2030. எல்லாச் செடியும் ஒரே நேரத்துல பூத்து, விதை கொட்டி, அப்படியே செத்துப் போகும். தின்னுற பூச்சியும் எலியும் தின்னு முடிக்க முடியாத அளவுக்கு மொத்தமா விதையைக் கொட்டுறது ஒரு தந்திரம்னு ஒரு விளக்கம் உண்டு. மலைக்கு ஒரு திணையே வகுத்து, அதுக்கு இந்தப் பூவோட பேரை வெச்சவங்க நாம. அந்தக் குறிஞ்சி வளர்றது பைன் நிழல்ல இல்லை மக்களே. வெயில் விழுற புல்மேட்டுல.

2030-ல் உங்க கையில சம்பளம் இருக்கும், லீவுதான் இருக்காது. எப்படியாவது மெடிக்கல் லீவு போட்டுட்டு கொடைக்கானல் போங்க. பூ இருக்கும். பூக்குறதுக்கு மேடு மிச்சம் இருக்கணும், அதை மட்டும் இப்பவே பார்த்துக்குவோம்.

அடுத்த வாரம் மீட் பண்ணலாம். வர்ட்டா!